ரெண்டு புகை

போன செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தபோது என் வலது கை தானாக மேலே போயிற்று. வலிப்போ வாதமோ என்று நீங்கள் பதற வேண்டாம். எதிர் வீட்டு மாடிக் கயிற்றில் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. காற்று அதற்குள் புகுந்து படபடவென்று அடித்தது. அவ்வளவுதான், அரைக் கிழவியான நான், சரி, முழுக் கிழவிதான், கையைத் தலைக்கு மேல் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். சேலைக்குப் பின்னாலிருந்து எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, யாருக்கு டாட்டா காட்டற?"

"ஒனக்குத்தாண்டி" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். கீழே இறங்கி வந்து கண்ணைக் கசக்கித் தொலைத்தேன். மிளகாய் தொட்ட கை. அரை நாள் எரிந்தது.

கண் எரிந்ததும் புகை ஞாபகம் வந்துவிட்டது. புகை என்றால் பனையோலைப் புகை. வைக்கோல் புகை வெள்ளையாக வந்து சட்டென்று கரைந்துவிடும். விறகுப் புகைக்குச் சோம்பல் ஜாஸ்தி. காய்ந்த பனையோலையைக் குவித்துப் பற்றவைத்து, பாதி எரியும்போது மேலே பச்சை ஓலையைப் போட்டால் கறுப்பாக, தடியாக ஒன்று எழும்பும் பாருங்கள், அது நடுக்கடலில் இருக்கிறவனுக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் நாங்கள் போட்டோம். எங்கள் வீட்டுக்குத் தந்தி, டெலிபோன் எல்லாமே அந்தப் புகைதான்.

என் நைனா பாய்க்கப்பலில் தண்டல். வரி தண்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலை நடத்துகிறவரை எங்கள் பக்கக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பரங்கிப்பேட்டைக்காரர். அம்மாவுக்குப் பாகூர். ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதைப் பார்க்காமலே செத்துப்போனவர்கள் அங்கே உண்டு. அம்மாவின் அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது, ரெண்டும் பெண். நிலத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடினாராம். கடைசியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வீட்டிலேயே இல்லாத மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சோற்றுக்குக் குறைவில்லை என்பது மட்டும் நிஜம். வயல் அம்மா பேரில் இருந்தது, மாடு இருந்தது.

நான் பிறந்ததை எழுதிவைக்கப் பாகூர் மேரிக்குப் போனார்கள். மேரி என்றால் பிரெஞ்சுக்காரன் காலத்து கொம்யூன் ஆபீஸ், நம் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. அங்கே இருந்த குமாஸ்தா, தகப்பன் தொழில் என்கிற இடத்தில் 'கப்பித்தேன்' என்று, அதாவது கப்பல் கேப்டன் என்று, பிரெஞ்சில் எழுதி, அதைச் சத்தம் போட்டு வேறு படித்தார். அன்றிலிருந்து எங்களுக்குக் கப்பித்தேன் வூடு என்று பேர். மோர் வாங்க வருகிறவள்கூட வாசலில் நின்று "கப்பித்தேன் வூட்டம்மா" என்றுதான் கூப்பிடுவாள். "வாயைப் பாரு இவளுக்கு" என்று அம்மா திட்டுவாள். ஆனால் முகம் மலர்ந்துவிடும், மோரும் ஒரு கரண்டி கூட விழும்.

கப்பல் காரைக்கால் முதலாளி ஒருவருடையது. அங்கே கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே வடக்கே போகும். அப்புறம் கடலைக் குறுக்கே தாண்டினால் பர்மாவில் அக்யாப். அங்கிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நடுக்கடலோடு போய்விடும், நம் கண்ணில் படாது. புதுச்சேரியில் முதலாளிக்குச் சரக்கு இல்லாததால் போகும்போதும் அங்கே நிற்காது. எங்கள் கடற்கரையைத் தாண்டும், அவ்வளவுதான். ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பினால் கப்பலைக் கரையேற்றிவிடுவார்கள். நைனா வீட்டுக்கு வருவார். தை பிறந்தால் கிளம்பிவிடுவார்.

கல்யாணமான முதல் தையில் அவர் கிளம்பியபோது அம்மா அழுத அழுகையில் மாடு கன்றெல்லாம் மிரண்டுவிட்டதாம். நைனா உள்ளே போய், பெட்டியிலிருந்து அம்மாவின் அரக்குச் சேலையை எடுத்து வந்து நடுவில் கிழித்தாராம். "பாதி ஒனக்கு, பாதி எனக்கு. நரம்பைக்கு நேரா வரும்போது இதை மரத்து மேல ஏத்துவேன். துணி தெரிஞ்சா நான் உசிரோட இருக்கேன்னு அர்த்தம்" என்றாராம். நரம்பை என்றால் எங்கள் ஊருக்குக் கிழக்கே கடலோரத்து மீனவர் குப்பம், மரம் என்றால் பாய்மரம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில் சிரிப்பாள். "நல்ல சேலைடி. ரெண்டு தபாதான் கட்டியிருந்தேன். அழுகை போயி கோவம் வந்துடுச்சு."

கரையிலிருந்து பதில் சொல்ல வேண்டுமே? அதற்குத்தான் புகை. ஒரு புகை என்றால் வீட்டில் எல்லாரும் சவுக்கியம். ரெண்டு புகை என்றால் ஆபத்து, இறங்கி வா. "ரெண்டு பொகை பார்த்தேன்னா, கப்பல்ல தங்கமே இருந்தாலும் சரி, நங்கூரத்தைப் போட்டுட்டு வந்துடுவேன்" என்று நைனா அம்மாவின் கையில் அடித்துச் சொல்லியிருந்தார். இது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே இது தெரியும்.

காரைக்காலில் சரக்கு ஏறி முடிகிற சமயத்தில் கார்டு வரும். நைனாவுக்கு எழுத வராது, முதலாளியின் மண்டிக் கணக்கப்பிள்ளைதான் எழுதுவார். இன்ன நாள் பாய் விரிக்கிறோம், அனைவரும் சுகம், முடிந்தது. உடனே மாட்டு வண்டி கட்டு, புளிச்சோறு கட்டு என்று வீடு அமளிப்படும். எங்கள் பக்கம் சீமையே ஒரு கட்டம் போட்ட கைலி. ஒரு கட்டம் பிரெஞ்சுக்காரனுக்கு, ஒரு கட்டம் இங்கிலீஷ்காரனுக்கு. வழியில் சுங்கச் சாவடிக்காரர் வண்டிக்குள் தலையை விட்டு வைக்கோலைக் கிளறுவார். சாராயம் கடத்துகிறோமா என்று சந்தேகம். "எங்க நைனாவைப் பார்க்கப் போறோம்" என்று நான் கத்துவேன். "போ போ, நானும் கேட்டதா சொல்லு" என்பார். சொல்வதற்கு நைனா என்ன பக்கத்து வீட்டிலா இருக்கிறார்! ஆனாலும் கடலைப் பார்த்து, சாவடிக்காரர் கேட்டார் என்று நான் தவறாமல் கத்தியிருக்கிறேன்.

நரம்பையில் எங்களுக்குச் செங்கேணியின் குடிசை. பாகூருக்கு மீன் கூடை தூக்கி வருகிறவள், அம்மாவுக்குச் சிநேகிதி. காற்று எப்படியோ அதைப் பொறுத்து அன்றைக்கே கப்பல் வரும், அல்லது மறுநாள் வரும். நாங்கள் ஓலை பொறுக்கிக் குவித்துவிட்டுக் காத்திருப்போம். முதலில் தெற்கே ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பாய். அப்புறம் அதன் உச்சியில் சிவப்பாக ஒரு துளி. "துணி, துணி!" என்று நான் குதிப்பேன். அம்மா ஓலையைப் பற்றவைப்பாள். புகை கிளம்பும். நான் கை வலிக்கிற வரைக்கும் ஆட்டுவேன்.

"நைனா தெரியறாரா?" என்று அம்மா கேட்பாள்.

"தெரியறாரு. மீசை கூடத் தெரியுது" என்பேன்.

அவ்வளவு தூரத்தில் மீசை எங்கே தெரியும்? ஆனால் சத்தியமாக எனக்குத் தெரிந்தது. இந்த மீசை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது, ஒரு புரட்டாசியில், தம்பி பிறந்தான். துரைக்கண்ணு என்று பேர் வைத்தோம். அம்மாவிடம் இருந்த அரக்குச் சேலைப் பாதிதான் அவனுக்குத் தூளி. மேலே கப்பலில் ஒரு பாதி, கீழே வீட்டில் ஒரு பாதி என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஐப்பசி வந்தது. நைனா வரவில்லை. பிள்ளை முகத்தைப் பார்க்க ஓடி வருவார் என்று வாசலைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். கார்த்திகையில் அவருக்குப் பதிலாகச் சுக்கானி மாமா வந்தார்.

சுக்கானி மாமா கப்பலில் நைனாவுக்கு அடுத்த ஆள், சுக்கான் பிடிப்பவர். வருஷா வருஷம் நைனாவோடு வந்து எங்கள் வீட்டில் ரெண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார். சாப்பாடென்றால் அப்படி ஒரு சாப்பாடு, இலையைப் பார்த்தால் மீன் இருந்த அடையாளமே இருக்காது. அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டார்.

"கப்பல் அடியில பலகை வுட்டுப் போச்சு அக்கா. தெலுங்குச் சீமையில, கோரங்கியில ஏத்திப் போட்டிருக்கு. தண்டல் கப்பலை வுட்டு நகர முடியாது. அடுத்த வருஷம் கட்டாயம் வந்துடுவாரு" என்றார்.

"புள்ளை பொறந்தது தெரியுமா?"

"தெரியாமயா! கார்டு வந்துதே. குதிச்சாரு."

நைனா கொடுத்தனுப்பியதாக ஒரு பர்மா அரக்குச் செப்பை எடுத்து வைத்தார். தூளியை விலக்கிப் பார்த்து, "அப்படியே தண்டல் மூக்கு" என்றார். அம்மாவுக்கு அது போதும். குழம்பு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார் அந்த மனுஷன். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தச் சோறு எப்படி இறங்கியது அவருக்கு?

மாசியில் புதுக் கார்டு வந்தது. நரம்பைக்கு ஓடினோம். தம்பியைக் கடல்காற்றில் எடுத்துப்போகக் கூடாதென்று வீட்டில் சின்னம்மாவிடம் விட்டிருந்தோம். அம்மாவின் தங்கை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். கப்பல் வந்தது. உச்சியில் சிவப்புத் துணி. அம்மா அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள். "கோரங்கியில இருந்து வந்துட்டாருடி உங்க நைனா." ஒரு புகை போட்டோம். எனக்கு மீசை தெரிந்தது.

பங்குனி பிறந்ததும் தம்பிக்குக் காய்ச்சல். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வைத்தியர் வந்தார், செந்தூரம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பொடி கொடுத்தார்கள். பால் இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் அடுத்த கார்டு வந்தது. சின்னம்மா அதைப் படித்ததும் அம்மா எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள்.

"வண்டியைக் கட்டச் சொல்லு. ஒரு தபா வந்து மொகத்தைப் பாத்துடட்டும்."

தம்பியை மறுபடி சின்னம்மா மடியில் போட்டுவிட்டுப் போனோம். சாவடிக்காரர் கேட்பதற்கு முன்பே நான் வைக்கோலை விலக்கிக் காட்டினேன். நரம்பையில் செங்கேணியின் ஆட்கள் எல்லாரும் ஓலை சுமந்தார்கள். ரெண்டு குவியல். ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு அம்மா தானே இடம் பார்த்துப் போட்டாள். கலந்துவிடக் கூடாது பாருங்கள். கப்பல் தலை காட்டியதும் ரெண்டையும் பற்றவைத்தோம். ரெண்டு தடிப் புகை, தனித்தனியாக. நான் பார்த்தேன்.

கப்பல் வந்தது. சிவப்புத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இதோ திரும்பும், இதோ பாயை இறக்குவார்கள் என்று நின்றோம். எங்களுக்கு நேரே வந்தது. தாண்டியது. அம்மா கரையோரமாக ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். "ரெண்டு போட்டிருக்கேங்க, ரெண்டு போட்டிருக்கேன்" என்று அவள் கடலைப் பார்த்துக் கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. துணி மறுபடியும் துளியாகி, துளியும் மறைந்தது.

திரும்பும்போது வண்டியில் அம்மாதான் முதலில் பேசினாள். "காத்து ரெண்டு பொகையையும் ஒண்ணாக்கிடுச்சுடி. அவருக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்."

நான் ஆமாம் என்றேன்.

அந்த வாரம் முடிவதற்குள் தம்பி போய்விட்டான். நைனா இறங்கி வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான், அது அம்மாவுக்கும் தெரியும். பெற்றவன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. தூளிச் சேலையிலேயே சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கையில் போட்டிருந்த வெள்ளிக் காப்பை மட்டும் கழற்றி அம்மா முடிந்துகொண்டாள். மேரியில் அதே குமாஸ்தா, தகப்பன் தொழில் என்கிற இடத்தில் அதே வார்த்தையை எழுதினார். இந்தத் தடவை சத்தம் போட்டுப் படிக்கவில்லை.

சாவைச் சொல்லி மண்டிக்குக் கார்டு போடலாம் என்று சின்னம்மா சொன்னாள். அம்மா கூடாதென்றுவிட்டாள். "கடல் மேல இருக்கிற மனுசனுக்கு எவனோ எழுத்தைப் படிச்சு இதைச் சொல்றதா? நேர்ல நான் சொல்லிக்கிறேன்." நேரில் சொல்ல ஐப்பசி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவள் காத்திருக்கத் தயாராக இருந்தாள். ஆனால் வைகாசியிலேயே வாய்த்தது.

அன்றைக்கு நரம்பைக்கு நேரே வந்து கப்பல் நின்றுவிட்டது. காற்று செத்துப்போயிருந்தது. பாயெல்லாம் துவண்டு தொங்கின, எங்கள் சிவப்புத் துணியும் தொங்கியது. இலை அசையவில்லை. அம்மா ஓலையைப் பற்றவைக்கவில்லை. கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் செங்கேணியிடம் போய், "என்னை அங்க கொண்டுபோயி வுடச் சொல்லு" என்றாள்.

மீன்பிடிப் படகில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் முடியாது என்று தலையாட்டினார். செங்கேணி விடவில்லை. "தண்டல் பொண்டாட்டிப்பா. புள்ளையைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறா. கடலம்மா இவளை இன்னா பண்ணிடுவா? பண்றதா இருந்தா என்னைப் பண்ணட்டும்" என்று நடுக் கரையில் நின்று வாயடித்தாள். கடைசியில் அம்மா கடல் தண்ணீரை மூன்று தரம் தலையில் தெளித்துக்கொண்டு ஏறலாம் என்று பெரியவர் இறங்கி வந்தார். செங்கேணியின் மகன்தான் துடுப்பு. நானும் தொற்றிக்கொண்டேன். அலை தாண்டும்போது குடலே வாய்க்கு வந்துவிட்டது. அம்மா ஒரு கையால் என்னைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் அந்தக் காப்பு.

கிட்டே போகப் போகக் கப்பல் பெரிய சுவராக எழும்பியது. வெங்காய வாடை. மேலே விளிம்பில் தலைகள் தெரிந்தன. நான் மீசையைத் தேடினேன். "நைனா!" என்று கத்தினேன். ஒரு தலை சட்டென்று உள்ளே போயிற்று. அப்புறம் எல்லாத் தலைகளும் வேறு பக்கம் பார்த்தன.

"தண்டலைக் கூப்பிடுங்கப்பா" என்றாள் அம்மா.

மேலிருந்து ஒரு கயிறு விழுந்தது. அதைப் பிடித்துச் சுக்கானி மாமா இறங்கி எங்கள் படகில் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தண்டல் நான்தான் அக்கா இப்போ" என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். "அவரு?"

"அக்யாப்ல எறங்கிட்டாரு. போன வருஷம் ஆடியிலயே. அங்க ஒரு அரிசி மில்லுல வேலை. அங்கயே..." என்று நிறுத்தினார். "அங்கயே ஒரு வூடும் ஆயிடுச்சு அக்கா."

போன வருஷம் ஆடி. தம்பி அப்போது பிறக்கக்கூட இல்லை. பலகை விட்டுப்போன கப்பல், கோரங்கி, குதித்தது, எல்லாம் புளுகு. மாசியில் நான் பார்த்த மீசை யாருடையது?

"அப்போ அந்தத் துணி?" என்றாள் அம்மா.

"அவருதான் சொன்னாரு. 'முதலாளிகிட்ட சொல்லி உன்னைத் தண்டலாக்கிடறேன். நரம்பைக்கு நேரா மட்டும் துணியை ஏத்திட்டுப் போ, அவ நிம்மதியா இருப்பா'ன்னாரு. கார்டும் தவறாம போடச் சொன்னாரு." அப்புறம் கேட்டார். "போன தபா ரெண்டு பொகை தெரிஞ்சுதே அக்கா, இன்னாத்துக்கு?"

அம்மா நிமிர்ந்தாள். "ஒன்கிட்ட அவரு சொல்லலியா?"

"பொகை தெரியற வரைக்கும் துணியை எறக்காதன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலியே."

கேட்டீர்களா? துணியை ஒப்படைத்தார், கார்டை ஒப்படைத்தார். ரெண்டு புகை என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்ததைக்கூட இந்த வயதில் என்னால் போகட்டும் என்று விட முடிகிறது. இதை முடியவில்லை. நாங்கள் கத்தினால் கேட்பதற்கு ஒரு காதையாவது அந்தக் கப்பலில் விட்டுப் போயிருக்கலாமே, பாவி மனுஷன்!

தம்பி செத்துப்போய்விட்டான் என்று கத்த நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் கிள்ளினாள். ரத்தம் கட்டுகிற மாதிரிக் கிள்ளினாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் சுக்கானி மாமாவிடம். குரல் ஒரே சீராக இருந்தது. "ஓலை நிறைய கெடந்துது. ரெண்டா குவிச்சுட்டோம்."

செங்கேணியின் மகன் துடுப்போடு கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் இங்க வந்ததை அவருகிட்ட சொல்லாத. துணியை ஏத்தறது ஏத்தியே வையி. கார்டும் வரட்டும். நான் ஒரு பொகை போடறேன். பார்த்தேன், எல்லாம் சவுக்கியம்னு சொல்லு. பையனுக்குப் பல்லு மொளைச்சுடுச்சாம், தவழறானாம்னு சொல்லு."

சுக்கானி மாமா அழுதார். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அழுதார். அம்மாவின் காலைத் தொட வந்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். காப்பு அவள் கைக்குள்ளேயே இருந்தது.

கரைக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். அப்புறம், "ஏம்மா பொய் சொன்ன?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"அவரு துணியைக் காட்டினாரு. நான் பொகையைக் காட்டறேன். போ, ஓலையைப் பொறுக்கு" என்றாள்.

அன்றைக்கு ஒரு புகை போட்டோம். கப்பலுக்கும் காற்று கிடைத்துப் போயிற்று.

அதற்குப் பிறகும் யுத்தம் வந்து அந்த வழியாகக் கப்பல் போவது நிற்கிற வரைக்கும் போனோம். கார்டு வரும், வண்டி கட்டுவோம், சாவடிக்காரர் கிளறுவார், ஒரு புகை. நான் கை ஆட்டுவேன். ஆள் இல்லாத கப்பல் என்று தெரிந்தே ஆட்டினேன். அம்மா ஆட்டச் சொன்னாள். ஊரில் சிலருக்குப் பைத்தியமோ என்று சந்தேகம். சின்னம்மாவே கேட்டாள், "இன்னாத்துக்குக்கா இந்தக் கூத்து?" அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வருஷம் போகப் போக எனக்குப் புரிந்தது. அக்யாப்பில் ஒருவர் தன் மகன் நடக்கிறான், பேசுகிறான், பள்ளிக்கூடம் போகிறான் என்று, வயசைக் கணக்குப் போட்டுச் சுக்கானி மாமா சொல்வதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பையனை அம்மா புகையிலேயே வளர்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரிலிருந்து அக்யாப்புக்குப் போகிறவர்கள் வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல ஆள் இல்லை.

பர்மாவில் குண்டு விழுந்து ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்களே, அதில் நைனாவும் வந்தார். எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் வாசலில் எலும்பும் தோலுமாக ஒருவர் வந்து நின்றார். பிச்சைக்காரர் என்று நினைத்து நான் அரிசி எடுக்க உள்ளே போனேன். மீசை இல்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

அவரிடம் ஒரே ஒரு துணி மூட்டை. அங்கே இருந்தவள் என்ன ஆனாள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்னக் கைலி. பர்மாக் கைலி, பச்சைக் கட்டம் போட்டது. ஆறேழு வயதுப் பையன் இடுப்புக்குச் சரியாக இருக்கும். அவ்வளவு காட்டைத் தாண்டி, நனையாமல் கொண்டுவந்திருந்தார்.

"எங்க எம்மவன்? பள்ளிக்கூடம் போயிருக்கானா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். அந்த வெள்ளிக் காப்பைக் கொண்டுவந்து கைலியின்மேல் வைத்தாள். அது அவருடைய ரெண்டு விரல்கூட நுழையாத அளவு.

"ரெண்டு பொகை போட்டேனே" என்றாள். "கப்பல் மேல நின்னு பாக்கலியா நீங்க?"

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அதை நினைக்கக் கூசுகிறது. ஆனால் அன்றைக்குச் சந்தோஷம்தான்.

அப்புறமும் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார், சாகிற வரைக்கும். வேளைக்குச் சோறு போட்டாள் அம்மா. அவரை ஒரு நாளும் ஏசவில்லை, அவரோடு ஒரு நாளும் பேசவும் இல்லை. தெரு ஜனங்கள் "கப்பித்தேன் சவுக்கியமா?" என்று விசாரிப்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

இப்போது யார் இருக்கிறார்கள்? அம்மா இல்லை, அவரும் இல்லை. சுக்கானி மாமா யுத்தத்தில் கப்பலோடு போனதாகக் கேள்வி. செங்கேணியின் குடிசை நின்ற மணலைக் கடல் தின்றுவிட்டது. பாய்க்கப்பல் கிடையாது, சுங்கச் சாவடியும் கிடையாது, கைலிக் கட்டமெல்லாம் அழிந்து ஒரே துணியாகிவிட்டது. பாகூரில் போய்க் கப்பித்தேன் வூடு எது என்று கேட்டால் காட்ட ஆள் இல்லை. அந்த மனையில் இப்போது உரக்கடை இருக்கிறது.

நேற்றும் அந்தச் சேலை காய்ந்தது. கை மறுபடியும் மேலே போயிற்று. அங்கே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஆட்டுகிற பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.